நகரைக் காணக் காலும் காமிராவும்

மதுரைக்கு வருகிறவர்களில் பலர், மதுரையைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ரயிலடியில் வண்டி ஏறிக் கோபுர வாசலில் இறங்குகிறார்கள். தரிசனம் முடிந்ததும் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் பார்த்தாயிற்று! அந்தப் படத்தில் அவர்களுடைய முகம் இருக்கிறது, கோபுரத்தின் அடிப்பகுதி சிறிது இருக்கிறது, மதுரை இல்லை.

மாணவ நண்பர்களே, இன்று உங்களில் பலருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. கைப்பேசியோடு அது சேர்ந்தே வந்துவிட்டது. முற்காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த கருவி இன்று எளியோர் கைக்கும் எட்டிவிட்டது. இது பெரும் பேறே. ஆனால் கருவி கைக்கு வந்த அளவில் கண்ணும் வந்துவிடுவதில்லை. கண்ணைத் தருவது கால். நடந்தவனுக்கே ஊர் தன்னைக் காட்டும். இந்த ஒரு செய்தியை உங்களிடம் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நடப்பதற்கென்றே வகுத்த ஊர் ஒன்று உண்டானால் அது மதுரைதான். திருக்கோயிலை நடுவில் வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக வீதிகள் அமைந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி. மாதங்களின் பெயரைச் சொல்லியே ஊரின் உள்ளிருந்து வெளிவரை நடந்துவிடலாம். ஒரு காலத்தில் வெளி வீதியை ஒட்டிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அவற்றை இடித்துத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையில் நில அளவையாளராக இருந்த மாரட்டின் பெயரும், மேஸ்திரியாக இருந்த பெருமாளின் பெயரும் இன்றும் இரண்டு தெருக்களின் பெயர்களாக நிற்கின்றன. பெருமாள் மேஸ்திரி வீதி வழியாக நாள்தோறும் பல்லாயிரவர் போகிறார்கள். மண் சுமந்து மதில் இடித்த மக்களின் தலைவன் ஒருவனது நினைவின்மேல் நடக்கிறோம் என்று அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வண்டியில் விரைகிறவனுக்குத் தெருப் பலகையைப் படிக்கவும் நேரம் இல்லை. நடக்கிறவன் நின்று படிப்பான்; படித்துவிட்டு யாரையாவது கேட்பான்.

இப்படி நடந்தே நகரங்களைப் படம் பிடித்தவர்கள் உலகில் சிலர் உண்டு. பாரிஸ் நகரில் யூஜீன் அட்ஜே என்பவர் இருந்தார். கண்ணாடித் தகடுகளையும் கனத்த மரக் காமிராவையும் சுமந்துகொண்டு, பழைய சந்துகள், கடை வாயில்கள், படிக்கட்டுகள் என்று ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தார். தம்மைக் கலைஞர் என்றுகூட அவர் சொல்லிக்கொண்டதில்லை. ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் வேண்டிய ஆவணங்களைத் தருகிறேன் என்பதே அவர் எண்ணம். அவர் 1927இல் மறைந்த பின், அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி அழியாமல் காத்தவர் பெரனிஸ் அபாட் என்னும் அமெரிக்கப் பெண்மணி.

அந்த அம்மையார் 1929இல் நியூயார்க்குக்குத் திரும்பினார். பழைய வீடுகள் இடிபட்டு, அந்த இடத்தில் வானை முட்டும் மாளிகைகள் எழுந்துகொண்டிருந்தன. நகரம் கண்முன்னே மாறுவதைக் கண்டு அவர் காமிராவைத் தோளில் மாட்டினார். 1935 முதல் அரசின் கலைத் திட்டம் ஒன்றின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. 1939இல் மாறிவரும் நியூயார்க் என்ற பெயரில் அப்படங்கள் நூலாக வந்தன. அந்நூலில் படங்கள் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அருகில், அது எந்தத் தெரு, எந்தக் கட்டடம், அதன் வரலாறு என்ன என்ற குறிப்பும் இருந்தது. இந்தக் குறிப்பின் அருமையைப் பின்னால் சொல்கிறேன்.

பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் முன்னரே இந்த வேலை நம் மதுரையில் நடந்திருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அட்ஜே கைக்குழந்தையாக இருந்த நாளில், 1858ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் திரிந்து படம் எடுத்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் காப்டன். 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மறைந்துபோகும் முன்னே இந்நாட்டின் பழங்கட்டடங்களைப் பதிந்து வைப்பது அவருடைய கடமை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று தென்னாடு முழுவதும் சுற்றினார்.

அந்நாளில் ஒரு படம் எடுப்பது எத்தகைய பாடு என்று எண்ணிப் பாருங்கள். ஓரடிக்கும் மேல் நீளமுள்ள தாளை மெழுகில் தோய்த்து, வெள்ளி உப்புக் கரைசலில் ஊறவைத்து, இருட்டில் காமிராவுக்குள் செருக வேண்டும். பிறகு வில்லையின் மூடியைத் திறந்து, நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதை மருந்தில் கழுவினால்தான் உருவம் தெரியும். அந்த நெகடிவை வேறொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் படம் கிடைக்கும். ஓர் இடத்தில் முக்காலியை ஊன்றுமுன், வெயில் எப்பக்கம், நிழல் எப்பக்கம், எங்கிருந்து பார்த்தால் தூணின் வரிசை விளங்கும் என்று நெடுநேரம் நடந்து பார்த்தாக வேண்டும். ஒரு தாள் வீணானால் அரைநாள் வீண். ஆகவே அவர் காமிராவைத் திறக்கும் முன் கண்ணைத் திறந்தார். இன்று நாம் ஒரு நொடியில் பத்துப் படம் எடுத்துவிட்டு, அந்தப் பத்தையும் மறுபடி பார்ப்பதே இல்லை.

அவர் எடுத்தவை எவை? புது மண்டபத்தின் நெடிய தூண் வரிசை, திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், முற்றுப்பெறாத ராயகோபுரத்தின் தூண்கள், பிளாக்பர்னின் நினைவாக எழுப்பிய, நாம் விளக்குத்தூண் என்று வழங்குகின்ற கம்பம், வைகையின் குறுக்கே ஊருக்குள் செல்லும் தரைப்பாலம், நகருக்கு வெளியே யானைமலை. இவையெல்லாம் மதுரைக் காட்சிகள் என்ற தொகுதியாக நான்கு பகுதிகளில் 1858இலேயே வெளிவந்தன. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இது அரசாங்கத்தின் நிலைக்கு ஏற்காத ஆடம்பரச் செலவு என்று கருதி அந்த வேலையை நிறுத்தச் செய்தார். ட்ரைப் அதன்பின் படம் எடுத்தது மிகக் குறைவு. ஆனால் ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தாள்கள், 2014இல் வாஷிங்டனிலும், அதை அடுத்து நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய காட்சிச்சாலைகளின் சுவர்களில் தொங்கின. அமெரிக்க மாநகரத்து மக்கள் நம் மதுரையைப் பார்த்தார்கள்.

இப்போது அவர் நின்ற இடங்களில் நாமும் போய் நிற்போம். அதிகாலையில், ஆறு மணிக்கு முன்னே, வைகைக் கரையிலிருந்து புறப்படுங்கள். ட்ரைப்பின் படத்தில் அகன்ற மணற்பரப்பு, அதன் குறுக்கே தாழ்ந்த ஒரு பாதை, அப்பால் மரங்களும் கோபுரங்களும். இன்று அதே திசையில் நோக்கினால் 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலமும், பின்வந்த பாலங்களும் பார்வையைக் குறுக்கிடுகின்றன. மணல் குறைந்து நாணலும் ஆகாயத்தாமரையும் மிகுந்திருக்கின்றன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓர் ஆற்றின் கதையை எந்த ஆசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கிருந்து நடந்து மகாலுக்கு வாருங்கள். ட்ரைப் பார்த்தபோது அது பாதி இடிந்து, மேலே செடி முளைத்துக் கிடந்தது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1866 முதல் 1872 வரையுள்ள காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. இன்று நாம் காணும் செம்மையான தோற்றத்துக்கு முன் இருந்த நிலையை அப்படங்களே சொல்கின்றன. தெற்கிலும் கிழக்கிலும் நடந்தால் தெப்பக்குளம். நான் மாணவனாக இருந்தபோது ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டு கிடக்கும்; மைய மண்டபத்தைச் சுற்றிச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்டு வைகை நீர் வந்து நிறைந்திருக்கிறது. ஆகவே, நண்பர்களே, படம் என்பது போனதைச் சொல்லி அழுவதற்கு மட்டும் அன்று. மீண்டதைச் சொல்லி மகிழ்வதற்கும் அதுவே சாட்சி.

புது மண்டபத்தைப் பாருங்கள். தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பல தலைமுறைகளாக அந்தத் தூண்களுக்கு இடையே வாழ்ந்தார்கள். அண்மையில் அவர்கள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். சிற்பங்கள் வெளிச்சம் கண்டது நல்லதே. ஆயினும் தையல் இயந்திரங்களின் ஓசை நிறைந்த அந்த மண்டபமும் மதுரைதானே? அதை எத்தனை பேர் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கிறோம்? எதிரே திருக்கோயிலில், 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கல்லும் வெடித்துச் சிதறியது. அந்த மண்டபம் முன்பு எப்படி இருந்தது என்பதற்குத் தீக்கு முன் எடுத்த படங்களே இன்று கண்கண்ட சான்று. இன்று இருக்கும் கல் நாளையும் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வது நம் சோம்பலுக்கு நாம் கொடுக்கும் பெயர்.

ட்ரைப்பின் படங்களில் எனக்கு ஒரு குறையும் தோன்றுவதுண்டு. அவற்றில் மனிதர்கள் மிகக் குறைவு. வில்லை நிமிஷக் கணக்கில் திறந்திருந்ததால், நடந்து போனவர்களின் உருவம் தாளில் பதியவில்லை. அசையாத கல் பதிந்தது. அசைந்த மனிதர் மறைந்தார். வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், முக்காலி தூக்கியவர் யாரும் அந்தப் படங்களில் இல்லை. ஊர் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால் அது வெறிச்சோடிய ஊர் அன்று; கருவிக்கு மனிதரைக் காணும் ஆற்றல் இல்லாத காலம். இன்று நம் கருவிக்கு அந்த ஆற்றல் உண்டு. நமக்கு அந்த எண்ணம் உண்டா என்பதே கேள்வி.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நான் செய்த ஒரு பிழையால் வந்தது. கல்லூரியில் படித்த நாளில், இரவல் காமிராவும் ஒரே ஒரு படச்சுருளும் கொண்டு, தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் திரிந்தேன். தேக்குத் தூண்களும் அகன்ற திண்ணையும் உடைய ஒரு வீடு. திண்ணையில் முதியவர் ஒருவர் விசிறிக்கொண்டு அமர்ந்திருந்தார். நான் கேளாமலே படம் எடுத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“தம்பி, என்னத்தைப் படம் பிடிக்கிறீக?” என்றார்.

“வீட்டைத்தான் ஐயா. அழகாக இருக்கிறது.”

“எங்க அப்பா கட்டுன வீடு. எனக்கும் ஒரு படம் குடுப்பீகளா?”

“அடுத்த வாரமே கொண்டு வருகிறேன் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தேன். படம் கழுவி வந்தது, நன்றாகவே இருந்தது. தேர்வு வந்தது, விடுமுறை வந்தது, வேலை வந்தது. அடுத்த வாரம் வரவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பழைய பெட்டி ஒன்றில் அந்தப் படம் அகப்பட்டது. வெட்கத்தோடு எடுத்துக்கொண்டு போனேன். சந்தில் அப்படி ஒரு வீடே இல்லை. மூன்று மாடிக் கடைகள் நின்றன. இந்தச் சந்துதானா, அடுத்த சந்தா என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. படத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். வெறும் வெள்ளை. நாளும் இல்லை, தெருவும் இல்லை, அவர் பெயரும் இல்லை. அவரிடம் பெயரை நான் கேட்கவே இல்லை. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “இந்தத் தூணு எங்கேயோ பார்த்த மாதிரித்தான் இருக்கு. ஆளு தெரியலையே, சார்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒரு தந்தை கட்டிய வீடும், அதில் அமர்ந்த மகனும் அதில் இருக்கிறார்கள். ஆனால் யாருக்கும் உரியவர்கள் அல்லாமல் இருக்கிறார்கள். பெரனிஸ் அபாட்டின் நூலில் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு இருந்தது என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதன் அருமை எனக்கு அன்று விளங்கியது.

நகரை விட்டு இனி வயல்வெளிக்குப் போவோம். மேலூர்ச் சாலையில் வடகிழக்காகச் சென்றால் யானைமலை. படுத்திருக்கும் யானை போன்ற ஒரே பாறை. ஏறத்தாழ இரண்டு மைல் நீளம். ட்ரைப் அதை நீளவாக்கில் மட்டும் நோக்கிவிட்டு நிற்கவில்லை. ஒரு முனையிலிருந்து, யானையின் எதிரே நின்று பார்ப்பதுபோல், அதைப் பதிந்தார். சாலையில் போகும்போது நாம் காணும் மலை வேறு. சுற்றி நடந்தால் காணும் மலை வேறு. அதன் அடியில் குடைவரைக் கோயில் இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய குகை இருக்கிறது. சுற்றிலும் ஊர்களும் கண்மாய்களும் இருக்கின்றன. 2010இல் அம்மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. அடிவாரத்து ஊர்மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அவர்கள் அந்த மலையை நாள்தோறும் நடந்து பார்த்தவர்கள். ஆகையால்தான் அது வெறும் கல் அன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாக் குன்றுகளுக்கும் அந்த நல்வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக வெட்டப்பட்டுக் குழிகளாகிவிட்ட குன்றுகள் பல. ஒருகாலத்தில் அங்கே என்ன இருந்தது என்று ஒரு சிறுவன் கேட்டால், கையை உயர்த்திக் காட்டுவதன்றி முதியவரால் வேறொன்றும் செய்ய முடிவதில்லை. அதற்கு அருகில்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. பழந்தமிழ்க் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் சுனைகளும் அரிய பறவைகளும் உள்ள ஊர். 2022இல் அது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகுதி பெற்ற முதல் இடம் அதுவே. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஒன்று வந்தபோது மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. ஓர் இடத்தில் இன்னது இருக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் அதைக் காக்கவேண்டும் என்று வாதாட முடியும். அங்கே நடந்து போய்ப் பறவையையும் கல்லையும் பதிந்து வைத்தவர்களின் உழைப்பு வீண்போவதில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊர் முழுவதையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயிலில் ஒருமுறை, மாலை வெயிலில் ஒருமுறை நடந்து பாருங்கள். நண்பகல் வெயில் நிழலைக் கருக்கிவிடும். சிற்பமும் முகமும் அதில் தெளிவாகத் தெரியா. முதல் நடையில் காமிராவை எடுக்கவே வேண்டாம். ஓரிடத்தில் நில்லுங்கள். பிறகு ஐந்து படங்கள் எடுங்கள், ஐம்பது வேண்டாம். காமிராவுக்கு இடமில்லாத இடங்களும் உண்டு. திருக்கோயிலுக்குள் கைப்பேசியைக் கொண்டு செல்ல 2018 முதல் தடை இருக்கிறது. அங்கே கண்ணும் மனமும் போதும்.

மனிதரைப் படம் பிடிப்பதானால் முதலில் வணக்கம் சொல்லுங்கள். பிறகு உத்தரவு கேளுங்கள். வேண்டாம் என்றால் வந்தனம் சொல்லி நகருங்கள். பூக்கடை அம்மாவும் சுமைதூக்கும் ஐயாவும் காட்சிப் பொருள்கள் அல்லர். அந்தத் தெருவின் சொந்தக்காரர்கள். நாமே அங்கு விருந்தாளிகள். படம் கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் என்பது எப்போதும் வந்துவிடும் நாள் அன்று.

வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஆண்டு, மாதம், நாள், தெரு, எந்தத் திசை நோக்கி நின்றீர்கள், யாரோடு பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள். கைப்பேசி நாளைக் குறித்து வைக்கும். இடத்தைக்கூடக் குறித்து வைக்கும். ஆனால் அந்த வீட்டை எவர் தந்தை கட்டினார் என்பதை அது குறித்து வைக்காது. அதை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும். சிறந்த சில படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்பக்கத்தில் இந்தக் குறிப்பை எழுதி, உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள்.

ட்ரைப் இந்த ஊருக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் விருந்தாளியாக வந்தார். திண்ணையில் இருந்தவரிடம் அமர்ந்து பேசும் வாய்ப்பு அவருக்குக் குறைவு. அவர் விட்டுச் சென்றதைக் கொண்டே நூற்று அறுபது ஆண்டுக்கு முன்னைய மதுரையை நாம் காண்கிறோம். நீங்களோ இவ்வூரின் பிள்ளைகள். தெருவும் உங்களுடையது, மொழியும் உங்களுடையது. அவருடைய படத்தில் பதியாமல் போன மனிதர்களின் பேரர்களும் பேத்திகளும் உங்களை எதிர்கொண்டு வருகிறார்கள். நின்று, வணங்கி, பெயரைக் கேட்டு, பிறகு படம் எடுங்கள். இன்னும் நூறு ஆண்டு கழித்து ஒரு மாணவன் அந்தப் படத்தைத் திருப்பிப் பார்ப்பான். அவன் காண்பது வெறும் வெள்ளையாக இருக்கக் கூடாது.